வார்க்ரூவ்: கிரிட்டிகல் அடி எப்போது விழும்? பாதி மேப்பில் படை கரைந்து போகிறது, உதவுங்கள்

கெடிலக்கரை (கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். தள்ளுபடியில் கிடைத்ததே என்று வார்க்ரூவ் என்ற கேமை வாங்கினேன். 2019இல் வந்த முதல் பாகம், லேப்டாப்பில் ஆடுகிறேன். பழைய பாணிப் படம், மாற்றி மாற்றி டர்ன் எடுத்து ஆடுவது, நாய் ஒன்று தளபதியாக வருவது, எல்லாம் பிடித்திருக்கிறது. ஆனால் ஜெயிக்கத்தான் முடியவில்லை.

கதைப் பகுதியில் மெர்சியா என்ற தளபதியை வைத்து ஆடும் ஆரம்ப மேப்புகள் சுலபமாகப் போய்விட்டன. இப்போது நடுவில் ஆறும் பாலமும் உள்ள ஒரு மேப்பில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடி, எதிரியின் கோட்டை கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் கையில் ஆளே இருப்பதில்லை. மிச்சம் இருக்கிற ஒன்றிரண்டு பேரையும் குதிரை வந்து தட்டிவிட்டுப் போகிறது.

குழப்பம் என்னவென்றால், ஒரே வாள்வீரன் ஒரே எதிரியை அடிக்கிறான். ஒரு டர்னில் கிரிட்டிகல் (வழக்கத்தைவிடப் பலமான அடி) விழுகிறது, அடுத்த டர்னில் விழுவதில்லை. எதிரிக்கு மட்டும் அடிக்கடி விழுகிற மாதிரி இருக்கிறது. உள்ளே குலுக்கல் முறையா? கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறதா? யாராவது விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

லாஸ்பேட்டை வில்லாளி (புதுச்சேரி)

ஏமாற்றவில்லை தம்பி. கிரிட்டிகல் விஷயத்தில் இந்த கேமில் குலுக்கலே கிடையாது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அது நிறைவேறினால் ஒவ்வொரு தடவையும் விழும், இல்லையென்றால் தலைகீழாக நின்றாலும் விழாது.

உங்கள் வாள்வீரனுக்குப் பக்கத்துக் கட்டத்தில் தளபதி நிற்க வேண்டும். கிரிட்டிகல் விழுந்த டர்னில் மெர்சியா பக்கத்தில் இருந்திருப்பாள், அடுத்த டர்னில் அவளை நகர்த்தியிருப்பீர்கள். ஈட்டிக்காரனுக்குப் பக்கத்தில் இன்னொரு ஈட்டிக்காரன் வேண்டும். வில்லாளி அந்த டர்னில் நகராமல் நின்ற இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். குதிரைவீரன் தன் முழுத் தூரமான 6 கட்டமும் ஓடி வந்து மோத வேண்டும். நாய்க்கு, அடிபடுகிற எதிரியை ஒட்டி நம்முடைய இன்னொரு நாய் நிற்க வேண்டும். மந்திரவாதி காடு மாதிரி நல்ல தற்காப்புள்ள நிலத்தில் நிற்க வேண்டும். எல்லாமே கேமுக்குள் கோடெக்ஸ் என்ற விளக்கப் பக்கத்தில் இருக்கிறது, யாரும் திறந்து பார்ப்பதில்லை.

சேதக் கணக்கில் சின்ன ஏற்ற இறக்கம் உண்டு. அதையும் அடிக்கும் முன்பே திரையில் காட்டிவிடுவார்கள்.

எதிரிக்கு அடிக்கடி விழுவதன் ரகசியமும் இதுதான். அவன் குதிரை தூரத்திலிருந்து வருகிறது, நீங்கள் வெட்டவெளியில் நின்று வழிவிடுகிறீர்கள். அந்தப் பால மேப்பில் யாரை எங்கே நிறுத்தியிருந்தீர்கள் என்று சொல்லுங்கள்.

கெடிலக்கரை

ரொம்ப நன்றி அண்ணா. கோடெக்ஸ் என்று ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரிகிறது.

கடைசி ஆட்டத்தின் சேவ் ஃபைலை இப்போது திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பாலத்தின் என் பக்கத்து முனையில் ஒரு ஈட்டிக்காரன். அவனுக்கு மேல் மூலையில் ஒருவன், கீழ் மூலையில் ஒருவன். விசிறி மாதிரி பரப்பினால் அதிக இடம் மறையும் என்று நினைத்தேன். அவர்களுக்குப் பின்னால் வில்லாளிகள் இரண்டு பேர். எந்த எதிரி கிட்டே வருகிறானோ அவன் பக்கமாக அவர்களை ஒவ்வொரு டர்னும் நகர்த்திக்கொண்டே இருப்பேன். மெர்சியா கோட்டைக்குள் பத்திரமாக இருக்கிறாள், அவள் செத்தால் ஆட்டமே போச்சே என்று.

லாஸ்பேட்டை வில்லாளி

அதுதான் விஷயம். மூலைவிட்டமாக நிற்பது பக்கத்தில் நிற்பதாகக் கணக்கில் வராது. மேல், கீழ், இடம், வலம், அவ்வளவுதான். ஆகவே உங்கள் ஈட்டிக்காரர்கள் மூன்று பேருக்குமே கிரிட்டிகல் இல்லை. வில்லாளிகளை நகர்த்திக்கொண்டே இருப்பதால் அவர்களுக்கும் இல்லை. மெர்சியா பக்கத்தில் இல்லாததால் வாள்வீரர்களுக்கும் இல்லை. ஒரு படை முழுக்க அரைப் பலத்தில் சண்டை போடுகிறது.

ஆடுபுலி ஆட்டம் ஆடியிருப்பீர்கள். தனியாக நிற்கிற ஆட்டைப் புலி தாண்டி வெட்டிவிடும், பின்னால் இன்னொரு ஆடு ஒட்டி நின்றால் முடியாது. இங்கேயும் ஈட்டிக்காரர்களை அப்படி நினையுங்கள். பால முனையில் ஒருவன், அவனுக்கு நேர் பின்னால் ஒருவன். குதிரை வந்து பாலத்தில் ஏறி முதல் ஆளை முட்டும். பாலம் ஒரு கட்ட அகலம் என்றால் பாலம் வழியாக வேறு யாரும் வந்து அவனை முட்ட முடியாது. உங்கள் டர்ன் வந்ததும் முதலில் வில்லாளி அடிக்கட்டும், நகராமல். மிச்சத்தை ஈட்டி முடிக்கும். குதிரை 600 பொற்காசு, ஈட்டிக்காரன் 250. அந்த ஒரு மோதலிலேயே எதிரியின் வரவு அடிவாங்கிவிடும்.

இந்த கேமில் யூனிட்டின் உயிர் குறையக் குறைய அடியின் பலமும் குறையும். ஆகவே முதலில் அடிக்கிறவனுக்குத்தான் லாபம். எதிரி உங்கள் எல்லைக்குள் ஒரு கட்டம் முன்னால் வந்து நிற்கும்படி பொறுமையாக இருங்கள், நீங்கள் போய் விழாதீர்கள்.

மெர்சியாவைப் பூட்டி வைக்காதீர்கள். தளபதிதான் உங்களிடம் இருக்கிற பலசாலி. க்ரூவ், அதாவது தளபதியின் சிறப்புச் சக்தி, நிரம்பியதும் அதைப் பயன்படுத்தினால் சுற்றியுள்ள நம் ஆட்கள் எல்லோருக்கும் உயிர் கூடும். சண்டையில் இறங்கினால்தான் க்ரூவ் வேகமாக நிரம்பும். முதல் வரிசைக்குப் பின்னால், இரண்டு வாள்வீரர்களுக்கு நடுவில் நிறுத்துங்கள் போதும்.

சொல்தா வீட்டுப் பேரன் (புதுச்சேரி)

இந்தத் தலைமுறைக்கு எல்லாவற்றுக்கும் அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது.

வார்க்ரூவுக்கு மூலம் அட்வான்ஸ் வார்ஸ். 2001இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்தது, இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் செய்தது. ஜப்பான்காரன் செய்த கேம், ஜப்பானிலேயே 2004இல்தான் வந்தது. எங்கள் வீட்டுக்கு அது பிரான்சில் இருக்கிற மாமா பெட்டியில் வந்து இறங்கியது. ஐரோப்பிய கேசட் என்பதால் பிரெஞ்சிலும் வைத்துக்கொள்ளலாம். எனக்கு அப்போது பிரெஞ்சு சரியாக ஏறவில்லை, தாத்தாதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் வருவதைப் படித்துச் சொல்வார். பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கியவர். டாங்கியைப் பாலத்தில் தனியாக விட்டால் அவருக்குக் கோபம் வரும், கேம் என்றும் பார்க்க மாட்டார்.

சொல்ல வந்தது, அந்தக் காலத்தில் தோற்றால் திரும்ப முதலிலிருந்து ஆடுவோம். அப்படித்தான் மேப் மனப்பாடம் ஆகும். வார்க்ரூவிலும் அதே கண்டிப்பு இருந்தது, பிறகு ஆளாளுக்கு அழுது இளக்கிவிட்டார்கள். கெடிலக்கரை தம்பி, கஷ்டத்தைக் குறைக்காமல் ஆடுங்கள்.

கேப்பர்மலை (கடலூர்)

அண்ணே, தாத்தா கதை அருமை. மற்றது எனக்கு ஒப்பவில்லை.

கேம் வந்த புதிதில் ஆட்டக்காரர்கள் சொன்ன குறையை நினைத்துப் பாருங்கள். பாராட்டுக்குப் பஞ்சமில்லை. படம், இசை, சொந்தமாக மேப் மட்டுமல்ல கதைத் தொடரே கட்டிக்கொள்ளும் எடிட்டர், வேறு மெஷினில் இருப்பவருடனும் ஆடலாம் என்ற வசதி, எல்லாவற்றையும் கொண்டாடினார்கள். அட்வான்ஸ் வார்ஸ் பல வருடம் காணாமல் போயிருந்த நேரம், பசியோடு இருந்தவர்களுக்குச் சோறு கிடைத்த மாதிரி. குறை சொன்னவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தைத்தான் தொட்டார்கள்: மேப் நீளம், நடுவில் திரும்பிப் போய் நிற்க ஓர் இடமில்லை, கடைசியில் ஒரு தப்பு செய்தால் மொத்தமும் போச்சு. அதில் அழுகை எங்கே இருக்கிறது? வேலைக்குப் போய்வந்து ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்காருகிறவனுக்கு ஒரு மணி நேரம் சும்மா கிடைக்கிறதா?

கேமைச் செய்த சக்கிள்ஃபிஷ் நிறுவனம் அதைக் காதில் வாங்கி, அப்டேட்டில் நடுவழி செக்பாயின்டும் சுலபமான நிலைகளும் சேர்த்தார்கள். கண்டிப்பான பழைய நிலை அப்படியே இருக்கிறது, உங்களுக்கு வேண்டுமென்றால் அதில் ஆடிக்கொள்ளுங்கள். யாருடைய சொத்தும் குறையவில்லை.

கெடிலக்கரை, டிஃபிகல்டி பக்கத்தில் நம் படை வாங்கும் சேதம், வருமானம், க்ரூவ் நிரம்பும் வேகம் மூன்றையும் தனித்தனியாக மாற்றலாம். மூன்றையும் தொடாதீர்கள். வாங்கும் சேதத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து இந்த ஒரு மேப்பைத் தாண்டுங்கள். நம் ஊரில் எப்போது கரண்ட் போகும் என்று தெரியாது, செக்பாயின்டை மட்டும் நம்பாமல் அவ்வப்போது சேவ் செய்துகொள்ளுங்கள்.

சொல்தா வீட்டுப் பேரன்

சரி, கரண்ட் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். கேம்பாய்க்கு பேட்டரி இருந்தது.

ஆனால் சேதத்தைக் குறைத்தால் தப்பான இடத்தில் நிறுத்தியவனும் பிழைத்துக்கொள்வான். அப்புறம் அடுத்த மேப்பில் இதே கேள்வியோடு வருவார். அதற்குப் பதில் பஸில் பகுதிக்குப் போகச் சொல்லுங்கள். ஒரே டர்னில் ஜெயிக்க வேண்டும், யாரை எங்கே நிறுத்தினால் கிரிட்டிகல் விழும் என்று பார்க்காமல் அதை முடிக்கவே முடியாது. அஞ்சு நிமிஷ வேலை, தோற்றாலும் நஷ்டமில்லை.

லாஸ்பேட்டை வில்லாளி

இது நல்ல யோசனை. வழிமொழிகிறேன்.

நெல்லிக்குப்பம் நாய்ப்படை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். உண்மையான குலுக்கல் வேண்டும் என்கிறவர்கள் பேட்டில் ஃபார் வெஸ்னாத் ஆடிப் பாருங்கள். 2003இல் டேவிட் வைட் தொடங்கியது, இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது. அங்கே எதிரி நிற்கிற நிலத்தைப் பொறுத்து அடி படும் வாய்ப்பு மாறும். மந்திர அடிக்கு எப்போதும் 70 சதவீதம், அதிலேயும் வரிசையாகத் தவறும்போது மானிட்டரை உடைக்கத் தோன்றும். இன்னொரு பக்கம் 2018இல் வந்த இன்டு தி பிரீச், 8க்கு 8 கட்டம், எதிரி அடுத்து எங்கே அடிக்கப் போகிறான் என்பதை முன்கூட்டியே காட்டிவிடும். நேரமில்லாதவர்களுக்கு அதுதான் சரி, ஒரு சண்டை சீக்கிரம் முடிந்துவிடும்.

வார்க்ரூவில் எனக்குப் பிடித்தது நாய்தான். 150 காசு, வேகம், தூரத்து எதிரி கண்ணுக்குத் தெரியாத பனிமூட்ட மேப்பில் மறைந்திருக்கிறவனை மோப்பம் பிடித்துக் காட்டும். ஊரைக் கைப்பற்ற மட்டும் முடியாது. பிறகு நாயைப் பிடித்து வைத்துக்கொண்டு ஊர் ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள்.

கெடிலக்கரை

எல்லோருக்கும் நன்றி. பஸில் கொஞ்சம் ஆடிவிட்டு, டிஃபிகல்டியைத் தொடாமலே அந்த மேப்பைத் திரும்ப எடுத்தேன். பால முனையில் ஈட்டிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். முதல் குதிரை வந்து முட்டியது, முதல் ஆளுக்குப் பாதி உயிர் போனது. என் டர்னில் வில்லாளி நின்ற இடத்திலிருந்தே விட்டான், கிரிட்டிகல். பின்னால் இருந்தவனை நகர்த்தத் தேவையே வரவில்லை, காயம்பட்டவனே குதிரையை முடித்தான். வீட்டில் எல்லோரும் தூங்குகிற நேரம், கத்த முடியவில்லை.

ஆனால் அதற்கு மேல் நகரவில்லை. பாலத்தை விட்டு வெளியே வரவும் முடியவில்லை, எதிரி புதிது புதிதாக ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறான். என் கையில் காசு இல்லை.

கேப்பர்மலை

ஆகா, பாதி ஜெயிச்சாச்சு. இப்போது பணப் பிரச்சினை.

ஒரு ஊர் டர்னுக்கு 100 காசு தரும். எதிரி கையில் உங்களைவிட இரண்டு ஊர் கூட இருந்தால், மூன்று டர்னுக்கு ஒரு குதிரை இலவசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே எண்ணிப் பாருங்கள், யார் கையில் எத்தனை ஊர். எதிரியின் ஊரை நேராகப் பிடிக்க முடியாது. முதலில் அடித்து உடைத்துப் பொதுவாக்க வேண்டும், அப்புறம்தான் கைப்பற்ற முடியும். உடைத்தாலே அவன் வரவு நின்றுவிடும், நம் கைக்கு வராவிட்டாலும் லாபம். பாலத்தில் சண்டை நடக்கும்போது, ஆற்றின் ஆழமில்லாத பக்கமாக இரண்டு வாள்வீரர்களை அனுப்புங்கள். 100 காசு ஆட்கள், போனால் போகட்டும். தண்ணீரில் நிற்கும்போது மட்டும் எதிரி எட்டாத தூரமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே தற்காப்பு மோசம்.

காயம்பட்டவர்களைச் சாகவிடாதீர்கள். நம் ஊரை ஒட்டி நிறுத்தி உயிர் கூட்டலாம், காசும் அந்த ஊரின் பலமும் கொஞ்சம் குறையும். புது ஆள் வாங்கி நடந்து வருவதைவிட அது மலிவு. எதிரி எப்படியும் வாங்கிக் குவிக்கிறான், நீங்கள் செலவைக் குறைத்தால்தான் கட்டுப்படியாகும்.

கெடிலக்கரை

எண்ணிப் பார்த்தேன். எனக்கு 5, அவனுக்கு 8. இத்தனை நேரம் கோட்டையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று ராத்திரி வாள்வீரர்களை அனுப்புகிறேன். இன்னொரு சின்ன சந்தேகம்: என் தங்கையும் ஆட வேண்டும் என்கிறாள். ஒரே லேப்டாப்பில் இரண்டு பேர் ஆட முடியுமா, இல்லை இன்னொரு பிரதி வாங்க வேண்டுமா?

லாஸ்பேட்டை வில்லாளி

ஒரே லேப்டாப்பே போதும், லோக்கல் மல்டிபிளேயரில் மாற்றி மாற்றி டர்ன் எடுக்கலாம். மேப் தேர்ந்தெடுக்கும்போது பனிமூட்டத்தை அணைத்துவிடுங்கள், இரண்டு பேரும் ஒரே திரையைப் பார்க்கும்போது அதில் அர்த்தமில்லை. சின்ன மேப்பாக எடுங்கள். தங்கைக்கு சீஸரைக் கொடுங்கள், நாய்த் தளபதி. அதன் க்ரூவ் பக்கத்தில் உள்ளவர்களை அதே டர்னில் இன்னொரு தடவை நகரவைக்கும். புதிதாக ஆடுகிறவர்களுக்கும் அது சுலபமாகப் பிடிபடும், நீங்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.