கார நூடுல்ஸில் மிளகாய் கசக்கிறது, சாஸும் ஒட்டுவதில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி:
கடைக்குப் போக நேரமில்லாத நாள்களில், வீட்டில் எப்போதும் இருக்கும் உலர்ந்த கோதுமை நூடுல்ஸ், பூண்டு, மிளகாய்த் தூள், சோயா சாஸ், வினிகர், சர்க்கரை ஆகியவற்றை மட்டும் கொண்டு இருவருக்குக் காரமான உணவு ஒன்றைச் செய்துவிட விரும்புகிறேன். எண்ணெய் காய்ந்ததும் பூண்டையும் மிளகாய்த் தூளையும் ஒன்றாகப் போட்டு வதக்கி, சாஸை ஊற்றி, வெந்த நூடுல்ஸைக் கொட்டிக் கிளறுகிறேன். ஆனால் மிளகாய் லேசாகக் கசக்கிறது. சாஸ் நூடுல்ஸில் பிடிக்காமல் தட்டின் அடியில் தேங்கிவிடுகிறது. புதிதாக எதையும் வாங்காமல் இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில் 1:
நிச்சயமாக முடியும். கசப்புக்குக் காரணம், மிளகாய்த் தூள் அடுப்பின் மேலேயே வதங்குவதுதான். தூள் மிக நுண்ணியது என்பதால், பூண்டு நிறம் மாற எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குள் அது கருகிவிடும். ஆகவே மிளகாயை அடுப்பில் ஏற்றவே வேண்டாம். ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் 2 தேக்கரண்டி மிளகாய்த் தூளையும், பொடியாக நறுக்கிய 4 பல் பூண்டையும் போட்டுவையுங்கள். 3 மேசைக்கரண்டி எண்ணெயைத் தனியே காயவைத்து, அதில் ஒரு பூண்டுத் துணுக்கைப் போட்டால் உடனே சலசலவென்று பொரியும் பதத்தில் இறக்கி, இரண்டு மூன்று தடவையாகக் கிண்ணத்தில் ஊற்றிக் கிளறுங்கள். எண்ணெய் புகையத் தொடங்கியிருந்தால் சற்று ஆறவிட்டு ஊற்றுவது நல்லது. தூள் நுரைத்துப் பொங்கி, எண்ணெய் சிவந்து, பூண்டு மணம் எழும். காரத்தைத் தரும் காப்சைசின் எண்ணெயில் நன்றாகக் கரையும் தன்மையுடையது என்பதால், காரம் ஓரிடத்தில் திரளாமல் நூடுல்ஸ் முழுவதும் பரவும்.

நுரை அடங்கிய பிறகே 2 மேசைக்கரண்டி சோயா சாஸ், 1 தேக்கரண்டி சர்க்கரை, இறுதியாக 1 மேசைக்கரண்டி வினிகர் ஆகியவற்றைச் சேருங்கள். கொதிக்கும் எண்ணெயில் சாஸை ஊற்றினால் அது கைமேல் தெறிக்கும். தூளைவிடக் கொரகொரப்பாக இடித்த காய்ந்த மிளகாய் இருந்தால் இன்னும் சிறப்பு, ஏனெனில் அது எளிதில் கருகாது.

பதில் 2:
சாஸ் ஒட்டாததைப் பற்றி நான் சொல்கிறேன். நூடுல்ஸ் வெந்த நீரை அப்படியே வடித்துக் கொட்டிவிடாதீர்கள், அதில் மாவுச்சத்து கரைந்திருக்கிறது. 200 கிராம் நூடுல்ஸை, உறையில் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பாகவே எடுத்துவிட்டு, அந்த நீரில் அரைக் கோப்பை அளவைத் தனியே வையுங்கள். பிறகு நூடுல்ஸ், முதல் பதிலில் சொன்னபடி கிண்ணத்தில் கலந்த மிளகாய்ச் சாஸ், 4 மேசைக்கரண்டி வடித்த நீர் ஆகியவற்றை வாணலியில் மிதமான தீயில் ஒரு நிமிடம் புரட்டினால், எண்ணெயும் நீரும் பிரியாமல் சற்றுக் கெட்டியாகி, ஒவ்வொரு இழையின் மீதும் பளபளப்பாகப் படியும். வேகும் நீரில் எண்ணெய் விடும் பழக்கத்தையும், வடித்தபின் குளிர்ந்த நீரில் அலசும் பழக்கத்தையும் இந்த உணவுக்குக் கைவிடுங்கள். முன்னது இழைகளை வழுக்கச் செய்யும், பின்னது மேற்பரப்பின் மாவுச்சத்தைக் கழுவிவிடும். சோயா சாஸிலேயே உப்பு மிகுதி என்பதால் நீரில் உப்பைக் குறைத்தே போட வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. என்னுடன் சாப்பிடுபவர் அதிகக் காரம் தாங்கமாட்டார். முழுவதும் கலந்த பிறகு காரம் கூடிவிட்டதாகத் தெரிந்தால், இன்னும் கொஞ்சம் நீர் சேர்த்தால் போதுமா?

பதில் 1:
நீர் சேர்த்தால் உப்பும் புளிப்பும் நீர்த்துப் போகுமே தவிர, எண்ணெயில் இருக்கும் காரம் பெரிதாகக் குறையாது. பீனட் பட்டர் இருந்தால் 1 மேசைக்கரண்டியை வடித்த நீரில் குழைத்து அவருடைய பங்கில் மட்டும் கலந்துவிடுங்கள். வேர்க்கடலை அவருக்கு ஒவ்வாது என்றால் வறுத்து அரைத்த எள் போதும். அதைவிட எளிய வழி, சிவந்த எண்ணெயில் பாதியை முன்னதாகவே எடுத்துவைத்து, பரிமாறும்போது உங்கள் தட்டில் மட்டும் ஊற்றிக்கொள்வது.