என்எஃப்எஸ் ஷேரில் எழுத முடியவில்லை, அவசரம்

குமிழ்விளக்கு:
வணக்கம். ஒரு மெஷினின் ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிர என்எஃப்எஸ் சர்வர் போட்டு, யாருக்கு என்ன அனுமதி என்று சொல்லும் எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் வரியும் சேர்த்துவிட்டேன். இன்னொரு மெஷினில் (கிளையண்ட்) அந்த ஃபோல்டர் மவுண்ட் ஆகிறது, அதாவது இணைகிறது; படங்கள் எல்லாம் தெரிகின்றன. ஆனால் எதையும் சேவ் பண்ண முடியவில்லை. நாளைக் காலை கல்யாண ஆல்பம் பிரிண்டுக்குப் போகணும். யாராவது உடனே சொல்லுங்கள் ப்ளீஸ்.

தாழ்வாரம்:
எந்த லினக்ஸ்? எக்ஸ்போர்ட்ஸில் போட்ட வரி என்ன? என்ன எரர் வருகிறது? பெர்மிஷன் டினைடு வந்தால் ஒரு காரணம், ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம் என்று வந்தால் வேறு காரணம்.

பனைமரத்தடி:
ஃபயர்வால்தான், சந்தேகமே வேண்டாம். ஃபயர்வால் புரோகிராமான யூஎஃப்டபிள்யூவில் என்எஃப்எஸ் போர்ட்கள் 2049, 111 இரண்டையும் திறந்து விடுங்கள். நேரம் இல்லையென்றால் யூஎஃப்டபிள்யூவையே கொஞ்ச நேரம் அணைத்துப் பாருங்கள்.

தாழ்வாரம்:
மவுண்ட் ஆகி ஃபைலும் தெரிகிறது என்கிறாரே. அப்படியென்றால் 2049 திறந்துதான் இருக்கிறது. படிக்க விட்டுவிட்டு எழுதுவதை மட்டும் தடுக்கிற வேலையை ஃபயர்வால் செய்யாது.

பனைமரத்தடி:
அணைத்துப் பார்த்தால் என்ன நஷ்டம்?

மூத்தமுனையம்:
தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது, யாரும் தொடுவதே இல்லை. தம்பி, எக்ஸ்போர்ட்ஸின் மேன் பக்கத்தை, அதாவது கையேட்டை, பொறுமையாகப் படித்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. இது ரூட் ஸ்குவாஷ். கிளையண்டில் ரூட்டாக (அட்மினாக) இருந்து எழுதினால் சர்வர் உங்களைத் தனி உரிமை எதுவும் இல்லாத நோபடி ஆக்கிவிடும், யூசர் எண் 65534. சோலாரிஸ் காலத்திலிருந்து இதே கதைதான். இப்போது எல்லோருக்கும் வீடியோ பார்த்து காப்பி பேஸ்ட்.

குமிழ்விளக்கு:
உபுண்டு சார். சாதாரண யூசராகத்தான் எழுதுகிறேன், சூடோ இல்லை. ரீட்-ஒன்லி என்று ஏதோ வருகிறது. கிளையண்டில் மவுண்ட் என்று அடித்தால் ஆர்டபிள்யூ (படிக்கவும் எழுதவும்) என்றே காட்டுகிறது. சர்வரில் சிமாட் 777 (எல்லோருக்கும் எல்லா உரிமையும்) கூடப் போட்டுவிட்டேன்.

நீலக்கண்ணாடி:
777ஆ! கஸ்டமர் படங்களை ஊருக்கே திறந்து வைக்கிறீர்களா? முதலில் அதை எடுங்கள்.

கடலைமிட்டாய்:
வீட்டு நெட்வொர்க்தானே, 777 இருந்தால் என்ன? ஒரு சின்ன ஸ்டுடியோவுக்கு என்எஃப்எஸ் எதற்கு என்பதுதான் என் கேள்வி. சாம்பா என்ற வேறு பகிர்வு முறையைப் போட்டால் விண்டோஸிலும் திறக்கும், பாஸ்வேர்டும் கேட்கும்.

நீலக்கண்ணாடி:
இரண்டுமே லினக்ஸாக இருக்கும்போது சாம்பா எதற்கு?

கடலைமிட்டாய்:
சாதாரணமாகப் போடும் என்எஃப்எஸ்ஸில் கிளையண்ட் "நான் யூசர் 1000" என்று சொன்னால் சர்வர் அப்படியே நம்பிவிடும். லேப்டாப்பில் 1000 என்ற எண்ணில் யார் உட்கார்ந்தாலும் உங்கள் ஃபைல் அவருடையது. இதைப் பாதுகாப்பு என்றா சொல்கிறீர்கள்?

நீலக்கண்ணாடி:
அதற்குத்தான் யூசர் யார் என்று சரிபார்க்கும் கெர்பரோஸ் இருக்கிறது.

கடலைமிட்டாய்:
கல்யாண ஆல்பத்துக்குக் கெர்பரோஸ்! சரி சரி.

தாழ்வாரம்:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாமா? குமிழ்விளக்கு, ரீட்-ஒன்லி என்று வருவதால் இது சிமாட் விவகாரமும் இல்லை, ரூட் ஸ்குவாஷும் இல்லை. கிளையண்டில் தெரியும் ஆர்டபிள்யூ நீங்கள் கேட்டது மட்டும்தான். சர்வர் என்ன கொடுத்திருக்கிறது என்பது அதில் தெரியாது. சர்வரில் சூடோ எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி அடித்து வருவதைப் போடுங்கள். எக்ஸ்போர்ட்ஸ் வரியையும் அப்படியே போடுங்கள், கையால் திரும்ப அடிக்காதீர்கள்.

குமிழ்விளக்கு:
வரி இது:
/எஸ்ஆர்வி/ஆல்பம் 192.168.1.0/24 (ஆர்டபிள்யூ,சிங்க்,நோ_சப்ட்ரீ_செக்)
-வி போட்டால் ஒரே ஃபோல்டர் இரண்டு முறை வருகிறது. ஒன்றில் 192.168.1.0/24, ஆர்ஓ (ரீட்-ஒன்லி). இன்னொன்றில் வேர்ல்டு, ஆர்டபிள்யூ. ஹோஸ்ட் நேம் இல்லை என்று ஏதோ வார்னிங்கும் வந்தது, ஆனால் எரர் எதுவும் இல்லை.

தாழ்வாரம்:
கிடைத்துவிட்டது. 24க்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது பாருங்கள். அது இருந்தால் சர்வர் இதை இரண்டு அனுமதிகளாகப் படிக்கும். உங்கள் நெட்வொர்க்குக்கு ஆப்ஷன் எதுவும் கொடுக்காத கணக்கு, அதனால் டீஃபால்ட்டான ரீட்-ஒன்லி. அடைப்புக்குறி தனியாக நிற்பதால் மற்ற எல்லோருக்கும் எழுதும் உரிமை! உங்களுக்குப் பூட்டு, தெருவுக்குத் திறந்த கதவு. வார்னிங் சொன்னதும் இதைத்தான்.

இடைவெளியை எடுத்துவிட்டு சூடோ எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ அடியுங்கள். சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம். மறுபடி -வி போட்டால் வேர்ல்டு வரி போயிருக்க வேண்டும்.

மூத்தமுனையம்:
மேன் பக்கத்தில் இருக்கிறது என்று நான் சொன்னேன்.

நீலக்கண்ணாடி:
நீங்கள் சொன்னது ரூட் ஸ்குவாஷ், ஐயா.

குமிழ்விளக்கு:
சேவ் ஆகிறது. நன்றி.

தாழ்வாரம்:
777ஐ மறக்காமல் எடுங்கள். எடுத்த பிறகு பெர்மிஷன் டினைடு வந்தால், இரண்டு மெஷினிலும் ஐடி என்று அடித்து யூசர் எண் ஒன்றுதானா என்று பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது.

பனைமரத்தடி:
யூஎஃப்டபிள்யூவை அணைத்திருந்தால் அதையும் திரும்பப் போட்டுவிடுங்கள் தம்பி. அணைத்தீர்களா?

செம்பருத்தி:
இதே மாதிரி எனக்கும். ஆனால் மேக்கிலிருந்து. மவுண்டே ஆகவில்லை, ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்.

மூத்தமுனையம்:
தனி இழை தொடங்கவும்.

தாழ்வாரம்:
மேக் 1024க்கு மேற்பட்ட போர்ட்டிலிருந்து வரும், லினக்ஸ் சர்வர் டீஃபால்ட்டாக அதை ஏற்காது. மவுண்ட் செய்யும்போது -ஓ ரெஸ்வ்போர்ட் சேர்த்துப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் தனி இழை போடுங்கள், எக்ஸ்போர்ட்ஸ் வரியோடு.