“இப்ப என்ன செய்யிறீங்கள்?” எண்டு கேட்டா வாய் அடைச்சுப் போன காலம்: உங்கட அனுபவத்தையும் சொல்லுங்கோ

மருந்துக்கடைப் பிள்ளை, வெள்ளவத்தை

எனக்கு இப்ப 29 வயசு. பயோ படிச்சன். கம்பஸுக்குப் போற ஏ/எல் சோதினையை மூண்டு தரம் எடுத்தன், அதுக்கு மேல கம்பஸ் வாசல் இல்லை. விஞ்ஞானத்துக்குக் கம்பஸ் இடங்களில 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டக் கோட்டாவுக்கு. கொழும்பு மாவட்டத்தில மெடிசினுக்கு வெட்டுப்புள்ளி எப்பவும் உயரத்திலதான் நிக்கும். கம்பஸுக்கு ஆளெடுக்கப் பார்க்கிற இசட் ஸ்கோர் புள்ளி எனக்கு வந்தது “இன்னும் கொஞ்சம்” எண்டு சொல்லக்கூடிய தூரம். அந்தக் கொஞ்சம்தான் ஆளை விடாது.

பிறகு நாலைஞ்சு வருஷம் நான் ஒண்டையும் முடிக்கேல்லை. ஏஏடி எண்டுற கணக்கியல் படிப்பைத் தொடங்கிப் பாதியில விட்டன். மொன்டிசூரிப் பயிற்சிக்குப் போனன். ஐஈஎல்டிஎஸ் எடுத்தன். ஒவ்வொண்டையும் தொடங்கேக்க இதுதான் என்ர வழி எண்டு மனசார நம்பினன். கோயிலில, கல்யாண வீட்டில, மரக்கறி வாங்கிற இடத்தில, “இப்ப என்ன பிள்ளை செய்யிறீங்கள்?” எண்டு கேட்பினம். கேட்கிறவையில பிழை இல்லை, அன்பிலதான் கேட்கிறவை. ஆனா நான் காலி வீதி எண்ட மெயின் றோட்டால வாறதை விட்டிட்டு, மெரீன் டிரைவால சுத்தி வீட்டுக்கு வரத் தொடங்கினன். ஆக்களைக் காணாமல் வரலாமெல்லே.

2022இல என்னை லண்டனுக்குப் படிக்க அனுப்பிறதெண்டு அப்பா முடிவெடுத்தார். காசு ரூபாயில சேர்த்து வைச்சிருந்தவர். மார்ச்சில ரூபாயை மிதக்க விட்டாப்போல, 200 அளவில நிண்ட டொலர் மே மாதம் 360ஐத் தாண்டிச்சுது. அப்பா கொப்பியில ஒரு பக்கம் முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறகு கொப்பியை மூடிப் போட்டுத் தேத்தண்ணி கேட்டார். அவ்வளவுதான். எண்டாலும் பாஸ்போட் கையில இருக்கட்டும் எண்டு அம்மா சொல்ல, நான் பத்தரமுல்லையில இருக்கிற பாஸ்போட் கந்தோருக்குப் போனன்.

அந்த நாளையில முதல் நாள் இரவே போய் வரிசையில இருந்தாத்தான் காரியம் நடக்கும். எனக்கு முன்னால ஒரு அம்மா, மட்டக்களப்புப் பக்கம், நாற்பது நாற்பத்தைஞ்சு வயசு இருக்கும். குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ரெண்டாந்தரம் போறா. பேப்பரில சுத்தின புட்டில பாதியை எனக்குத் தந்தா. “நீங்க எங்க மகள் போறீங்க?” எண்டு கேட்டா.

“தெரியாது அன்ரி” எண்டன். ஒருத்தருக்கு நான் உண்மையைச் சொன்னது அதுதான் முதல் தரம்.

அவ என்னைப் பாவமாப் பார்க்கேல்லை. “எனக்கு ரெண்டு வருசம் தெரியும். ஒப்பந்தம் ரெண்டு வருசம். அதுக்குள்ள கிணத்தக் கட்டி முடிக்கணும், மூத்தவளுக்கு ஒரு சோடித் தோடு எடுக்கணும். அங்கால எனக்கும் தெரியாதுதான் மகள்” எண்டா. சொல்லிப்போட்டு என்ர தோளில சாய்ஞ்சு நித்திரையாப் போனா.

அவவின்ர நிலைமையை அழகாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வேற வழியில்லாமல் பிள்ளையளை விட்டிட்டுப் போனவ. ஆனா அந்தக் கணக்கு என்ர மனசில ஒட்டிப் போச்சுது. நான் எப்பவும் முழுச் சீவியத்துக்கும் சேர்த்து ஒரே பதிலைத் தேடினனான். அவவிட்ட ரெண்டு வருஷத்துக்குத்தான் பதில் இருந்தது, அதோட அவவால நித்திரை கொள்ள ஏலுமா இருந்தது.

எனக்கு ரெண்டு வருஷம் பெரிசாத் தெரிஞ்சுது. மூண்டு மாசம் எடுத்தன். ஒரு கொப்பியில ஒரு பக்கம்: இந்த மூண்டு மாசமும் என்ன வேலை செய்யிறன், வீட்டுக்கு எவ்வளவு குடுக்கிறன், கிழமையில ஒருக்கா ஆரைப் போய்ப் பார்க்கிறன். மூண்டு மாசம் முடிய முந்தி ஒண்டையும் மாத்தக்கூடாது. முடிஞ்ச அண்டைக்கு எல்லாத்தையும் மாத்தலாம். இப்பிடி இருக்கத் தொடங்கின பிறகுதான் ஒண்டு பிடிபட்டுது. முந்தி நான் விட்டதெல்லாம் ஏதோ ஒரு கெட்ட கிழமையில விட்டது. யோசிச்சு முடிவெடுத்து விட்டது ஒண்டுகூட இல்லை.

முதல் பக்கத்தில மருந்துக்கடை வேலை எண்டு எழுதினன். இப்ப பதின்மூண்டாவது பக்கம் ஓடுது, அதே கடைதான். டொக்டர்மாரின்ர கையெழுத்து வாசிக்கப் பழகிட்டன். பிரஷர் குளிசையை ரெண்டு நாளைக்கு ஒண்டாப் போட்டு மிச்சம் பிடிக்கிற வயசான ஆக்களோட சண்டை பிடிக்கவும் பழகிட்டன். நாவலையில திறந்த பல்கலைக்கழகத்தில பார்மசி படிக்கலாம் எண்டு ஒரு எண்ணம் இருக்கு. அது அடுத்த பக்கத்தில வருமோ தெரியாது.

நீங்கள் ஆரைச் சந்திச்சீங்கள், என்ன நடந்தது, சொல்லுங்கோ.

ஹட்டன் தம்பி, புறக்கோட்டை

அக்கா, நான் தேயிலத் தோட்டத்துல இருந்து பதினேழு வயசுல கொழும்புக்கு வந்தவன். மொத்த வியாபாரக் கடையில வேலை, ஆறு பேருக்கு ஒரு ரூம். நீங்க சொன்னது நல்லது, ஆனா ஒரு பக்கம் எழுத உக்காரவே முடியாத மாதிரியும் இருக்கும், அதையும் சொல்லணும். எனக்குப் போன வருசம் ஒன்றரை மாசம் தூக்கமே இல்ல. ஊருக்குத் திரும்பிப் போறதா, இங்கயே கெடக்குறதா, துபாய்க்குப் பாக்குறதான்னு ராத்திரி முழுக்க ஓடும். சோறு எறங்காது. வழி தெரியாததுனாலதான் இப்படின்னு நெனச்சேன். யாராவது ஒரு வழியக் காட்டியிருந்தாலும் என்னால எழும்பி நடந்திருக்க முடியாதுக்கா.

ரூம்ல இருந்த ஒரு அண்ணன்தான் 1926க்கு எடுக்கச் சொன்னாரு. அது தேசிய மனநல நிறுவனத்தோட இலக்கம், ராத்திரியிலயும் எடுக்கலாம். எனக்கு வெக்கம். அந்த ஆஸ்பத்திரி இருக்குறது அங்கொடையில, எங்க பக்கம் அங்கொடைன்னாலே ஏசுற வார்த்தை. எடுத்தேன். தமிழ்லயே பேசுனாங்க. மொதல்ல கேட்டது “இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?” அதுக்கே அழுதுட்டேன். பெறகு அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்ல காட்டுனேன், காசு கேக்கல. கொஞ்ச நாள் மாத்திரை. தூக்கம் திரும்பி வந்தப்புறமும் ஊரா கொழும்பாங்கிற கேள்வி அப்படியே இருக்கு. ஆனா இப்ப அது வெறும் கேள்விதான். முன்ன அது நெஞ்சடைப்பு. தூக்கமும் சோறும் போயிருச்சுன்னா யாரும் மொதல்ல வழியத் தேடாதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ஒரு அப்பப்பா, கொட்டாஞ்சேனை

பிள்ளையள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். 83 ஆடியில தமிழருக்கு எதிராக் கலவரம் நடக்கேக்க எனக்குப் பதினாறு வயசு. வீடு இல்லாமல் போச்சுது. ரத்மலானை விமான நிலையத்தில அகதியா இருந்து, பிறகு கப்பலில காங்கேசன்துறைக்கு ஏத்தினவை. கப்பலில ஒருத்தரும் பெரிசாக் கதைக்கேல்லை. பக்கத்தில ஒரு கணக்கு வாத்தியார், முன்பின் தெரியாதவர், மாத்துச் சாரமும் இல்லை மனுசனிட்ட. என்னைப் பார்த்து “ஓ/எல் சோதினை எப்ப?” எண்டார். இந்த வருஷம் எண்டன். “வட்டிக் கணக்கு எந்தளவில நிக்குது?” எண்டு கேட்டார். எனக்குக் கோவம் வந்தது. வீடே இல்லை, இந்தாள் வட்டி கேட்குது. அவர் சட்டைப் பையில கிடந்த ஒரு துண்டுக் கடதாசியில கணக்கொண்டு எழுதித் தந்தார். செய்தன். பிழை. திரும்பச் செய்யச் சொன்னார். கரை தெரியிற வரைக்கும் எழுதித் தந்துகொண்டே இருந்தார். இறங்கின நெருக்கத்தில ஆளைத் தவறவிட்டிட்டன். பேர்கூடக் கேட்கேல்லை, அந்தக் கவலை இண்டைக்கும் இருக்கு.

இப்ப மகன் ரொறன்ரோவுக்கு வரச் சொல்லுறான். மனுசி போகலாம் எண்டுறா. எனக்கு இந்த வயசிலயும் தெரியேல்லை. பின்னேரத்தில பக்கத்து வீட்டு ரெண்டு பெடியளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறன். அவங்கட ஓ/எல் முடியும் வரைக்கும் ரிக்கெற் போட வேண்டாம் எண்டு மகனுக்குச் சொல்லிப்போட்டன்.

மூண்டாந்தரம்

அக்கா நானும் பயோ. மூண்டாந்தரம் எடுத்திட்டு ரிசல்ட் வரும் எண்டு காத்துக்கொண்டு இருக்கிறன். அம்மா இரவில எழும்பி எழும்பி என்ர அறை வாசலில வந்து நிக்கிறா. எனக்கு அது தெரியும் எண்டு அவவுக்குத் தெரியாது.

மருந்துக்கடைப் பிள்ளை, வெள்ளவத்தை

தங்கச்சி, இண்டைக்கு இரவு அம்மா வந்து நிண்டா கண்ணைத் திறந்து “வாங்கோ அம்மா” எண்டு உள்ளுக்குக் கூப்பிடுங்கோ. என்ர அம்மாவும் நிண்டவ. நான் ஒரு நாளும் கூப்பிடேல்லை.

ரிசல்ட் வாற அண்டைக்குத் தனிய இருக்காதேங்கோ. என்ன வந்தாலும் அந்தக் கிழமை ஒரு முடிவும் எடுக்காதேங்கோ. எனக்கு ஆறு மணிக்கு வேலை முடியும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தை ஸ்டேசனடிக்கு வாங்கோ, கடற்கரைப் பக்கம் இருந்து கதைப்பம். தம்பி, உங்கட 1926 இலக்கத்தைக் கடையில மேசைக்கு மேல எழுதி ஒட்டிட்டன். நித்திரைக் குளிசை கேட்டு வாற ஆக்களுக்குக் காட்டுறன்.