பத்தாவது, ஏழாவது, இரண்டாவது: யாரிடம் என்ன பேசுவது?

வணக்கம். பெரியவள் பத்தாவது. பயாலஜியோடு கணக்கும் எடுத்தால் டாக்டருக்கும் போகலாம், இன்ஜினியருக்கும் போகலாம் என்று உறவுக்காரர்கள் ஒரே நச்சரிப்பு. அவளோ பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்கிறேன் என்கிறாள். மூன்று வருட டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பது தெரியும். அப்படிப் போனவர்கள் யாராவது இருந்தால், அங்கே இன்ஜினியரிங் கணக்கை எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்களேன். பெண் பிள்ளைக்கு மெக்கானிக்கலா என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், வீட்டிலேயே நிறைய கிடைக்கிறது.

அடுத்தவன் ஏழாவது. மிக்ஸியைக் கழற்றிப் பரப்பி வைத்திருக்கிறான். திரும்ப மாட்டத்தான் தெரியவில்லை. லீவில் தெரிந்த மோட்டார் காயில் கட்டும் கடையில் கொஞ்ச நேரம் உட்கார வைக்கலாமா, இல்லை இந்த வயதில் சும்மா விட்டுவிடலாமா?

கடைக்குட்டி இந்த வாரம் பஸ் கண்டக்டர். அவளைப் பற்றிக் கவலையில்லை.