ஏற்காட்டுப் படங்களை அடுக்கி வைக்க எந்த மென்பொருள்?

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். பதினைந்து வருடப் படங்கள் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் கலைந்து கிடக்கின்றன. போன வாரம் அம்மாவின் படம் ஒன்றைத் தேடினேன். ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் வாசலில், பனிமூட்டத்துக்கு நடுவே முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு நிற்பார். இரண்டு ராத்திரி உட்கார்ந்தும் கிடைக்கவில்லை. வேறு படங்களோ மூன்று மூன்று பிரதியாக இருக்கின்றன.

முன்பு படங்களை அடுக்க கூகுளின் பிக்காசா மென்பொருளை வைத்திருந்தேன், அது 2016-இல் நின்றுபோனது. இப்போது முகம் பார்த்துப் பிரிக்கவும், ஒரே படம் இரண்டு முறை இருந்தால் காட்டவும் வேண்டும். டிஜிகாம் என்ற மென்பொருள் இலவசம், இரண்டையும் செய்யும். அப்புறம், ரா கோப்புகளை (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் படங்கள்) திருத்த அதுவே போதுமா, டார்க்டேபிள் என்ற திருத்தும் மென்பொருளும் போட வேண்டுமா? அடோபியின் லைட்ரூம் மென்பொருளுக்கு மாதாமாதம் சந்தா கட்ட வசதியில்லை. விண்டோஸ் கணினி, 8 ஜிபி ரேம். பயன்படுத்துகிறவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.