மனோன்மணீயம் படிக்க உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். தொலைநிலைக் கல்வியில் தமிழ் முதுகலை படிக்கிறேன். பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம் நாடகம் இந்தப் பருவத்துப் பாடம். கதை பிடிபட்டுவிட்டது, மொழிதான் படுத்துகிறது. முழுக்கச் செய்யுள், பெரும்பகுதி ஆசிரியப்பா என்ற பாவகை. தமிழ் லெக்சிகன் அகராதியைப் புரட்டலாம்தான், ஆனால் சந்தி பிரிக்கத் தெரிந்தால்தானே எந்தச் சொல்லைத் தேடுவது என்றே தெரியும்? இந்நூலிலிருந்தே எடுத்த தமிழ்த்தாய் வாழ்த்தில் நாம் பாடும் ‘தக்கசிறு பிறைநுதலும்’ பள்ளியிலேயே பழகியதால் பிறை போன்ற நெற்றி என்று புரிகிறது. உள்ளே போனால் அப்படிக் கைகொடுக்க யாருமில்லை. சந்தி பிரித்து, அருஞ்சொற்பொருளுடன் வந்த பதிப்பு எது? வெறும் கதைச்சுருக்க வழிகாட்டிகள் வேண்டாம், அவை என்னிடமே ஒரு கட்டு இருக்கின்றன.

அடுத்தது கலைச்சொற்கள். அங்கம், களம் சிக்கலில்லை. அமைச்சன் குடிலன் தனியே நின்று சதியை அசைபோடுவது தனிமொழி; அவனையே மன்னன் சீவகன் கண்மூடி நம்புவது, நமக்கு உண்மை தெரிந்திருப்பதால், நாடக முரண் என்று எழுதுகிறேன். சிலர் அதை ‘நாடக அங்கதம்’ என்கிறார்கள். அங்கதம் கேலியல்லவா? தேர்வுத்தாளில் எதை எழுதுவது பாதுகாப்பு? உச்சம், வீழ்ச்சி, துணைக்கதை போன்றவற்றை இந்த நாடகத்தின் காட்சிகளோடு பொருத்தி விளக்கும் நூலோ உரைக்காணொளியோ இருந்தால் சொல்லுங்கள். நாடகத்துக்குள் வரும் கதைப்பாட்டான சிவகாமி சரிதத்தை எந்த வகையில் சேர்ப்பது என்பதையும் யாராவது விளக்கினால் நல்லது. தேர்வு அடுத்த மாதம்.