மாஞ்சாவில் வௌவால், தங்கூசியில் கடல் காக்கா

தண்டையார்பேட்டை:
எங்க சந்து பாதாம் மரத்துக்கு ராத்திரி பழந்தின்னி வௌவால் வரும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில டொக் டொக்னு கொட்டை விழுந்தா வந்தாச்சுன்னு அர்த்தம். போன வருஷம் ஒண்ணு பட்டம் விடுற மாஞ்சா நூலுல சிக்கிடுச்சு. (தடை போட்டும் மாஞ்சா எங்கேருந்துதான் வருதோ.) வெல்டிங் கிளவுஸ் போட்டு, கோணிப்பையில பிடிச்சோம். வெறுங்கையால தொடவே கூடாது, நிபா வைரஸ் இந்த இனத்துல இருக்கு.

டார்ச் அடிச்சுப் பார்த்தா அது இறக்கையே இல்ல, கை! நகத்தோட கட்டைவிரல் தனியா நிக்குது. மத்த நாலு விரலும் குடைக்கம்பி மாதிரி நீண்டு, நடுவுல தோலு. அந்தத் தோலு பின்னங்கால் வரைக்கும் ஒட்டியிருக்கு. விரிச்சா நாலடி தேறும். நூலை வெட்டி விட்டும் பறக்கல, தரையிலயே கிடந்துச்சு. போச்சுடான்னு நினைச்சேன். பையோட தூக்கி மரத்துல ஒட்ட வெச்சதும் நகத்தால பத்திப் பத்தி ஏறி, கிளையில தலைகீழாத் தொங்கி, பிடியை விட்டுச்சு பாருங்க, விழுந்த வாக்குல பறந்துடுச்சு.

காசிமேடு:
நம்ம கதை நேர்மாறு அண்ணாத்தே. மார்கழியில ஐஸ் இறக்கும்போது கடல் காக்கா ஒண்ணு கால்ல தங்கூசி, அதான் நைலான் தூண்டில் நரம்பு, சுத்திக் கிடந்துச்சு. புக்குல பழுப்புத்தலைன்னு பேரு, ஆனா குளிர்காலத்துல தலை வெள்ளை, கண்ணுக்குப் பின்னால மைப்பொட்டு மட்டும். தலை பழுப்பேறினா லடாக், திபெத் பக்கம் முட்டையிடக் கிளம்பப் போகுதுன்னு அர்த்தம். மூக்கு நுனியில சொட்டுச் சொட்டா தண்ணி. சளின்னு நினைச்சேன், உப்பாம். கண்ணுக்கு மேல இருக்கிற சுரப்பி கடல் உப்பைப் பிரிச்சு மூக்கு வழியா தள்ளுது. தங்கூசியை அறுத்ததும் கான்கிரீட்ல நாலு எட்டு ஓடி எழும்பிடுச்சு. அதுக்குக் கால் தனி, இறக்கை தனி. உங்காளுக்குக் காலும் இறக்கையோட மாட்டிக்கிச்சு, பாவம்.

எண்ணூர்:
முகத்துவாரத்துல பொழுது சாஞ்சா ரெண்டும் ஒரே கறுப்பாத்தான் தெரியும். காத்துல சும்மா மிதந்தா கடல் காக்கா, விடாம மெதுவா அடிச்சுக்கிட்டே போனா வௌவால். அந்தத் தோலு கிழியலையாண்ணா?

தண்டையார்பேட்டை:
சுண்டுவிரல் நுழையுற ஓட்டை. சின்ன ஓட்டைன்னா தானா மூடிக்கும். மறுநாள் ராத்திரியும் கூரையில கொட்டை விழுந்துச்சு. அதே வௌவாலான்னு மட்டும் கேக்காதீங்க.